பலகையில் உள்ளபடி

தொண்ணூறிலேயே போ என்கிறாள் வேர்லெ.
பின்னால் வருகிறவன் விளக்கை அடித்து அடித்துத் திட்டுகிறான்.
முன்கண்ணாடியில் ஒட்டிய கைபேசி
நொடிக்கொரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.
மழை விட்ட ஞாயிறு. கென்ட் தாண்டியாயிற்று.
கோர்ட்ரெய்க் வரை இன்னும் பதினாறு பலகை.

எல்லாம் அந்த ஆல்கிர்தாஸால் வந்தது.
அவள் இரவுப் பணி பார்க்கும் பெட்ரோல் நிலையத்தில்
அதிகாலை மூன்று மணிக்கு வந்து நின்றான்,
கௌனாஸிலிருந்து லாரி நிறைய ஜன்னல் சட்டங்களோடு.
ஒரே திருப்பத்தை மூன்று முறை சுற்றியிருந்தான்.
"உள்ளே பேசுகிற பொம்பளை லீல், லீல் என்கிறாள்.
வெளியே நிற்கிற பலகைக்கு
அப்படி ஓர் ஊரே தெரியாது" என்றானாம்.

ஆளுயர நீலப் பலகையில்
எங்கள் மொழி அந்த ஊரை ரெய்ஸல் என்றுதான் கூப்பிடுகிறது.
எல்லை தாண்டிய பிறகே அது லீல்.
எங்களுக்கு இதில் விசேஷம் ஒன்றுமில்லை.
அவனுக்கு அது நாற்பது கிலோமீட்டர் டீசல்.
காபிக்குக் காசு கொடுத்தான்,
மீதியை மறந்துவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில்
சாலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
வரைபடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குள் மூன்று தடம்.
இடது இரண்டுக்கும் ரெய்ஸல்,
வலதுக்கு டோர்னிக், பக்கத்தில் சாலை எண்.
நான் சும்மா இருந்திருக்கலாம்.
"லீல் என்றே போட்டுவிடேன்,
உண்மையான பேர் அதுதானே?"
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
"உண்மையை இங்கே யார் கேட்டார்கள்?
பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அது.
ஒரு புள்ளிகூட என் கைச்சரக்கு கிடையாது."

எனக்குச் சுருக்கென்றது.
இருபது வருடமாய்
அவள் சொல்வதோடு சொல்லாததையும் சேர்த்து
நானே எழுதிக்கொண்டு வந்தவன்.
'ஒன்றுமில்லை' என்றால் பயந்தேன்.
'சரி' என்றால் இன்னும் பயந்தேன்.

இப்போது ஆல்பெகெ சந்திப்பு.
வெளியேறும் வழியில் ஒரு பலகையின் முக்கால்வாசியை
பாப்ளார் கிளை மூடியிருக்கிறது.
'மூ' மட்டும் தெரிகிறது, அதன் பின் இலை.
"மூஸ்க்ரூன்தான்" என்கிறேன், "வேறென்ன இருக்கும்?"
"அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்."
"அட, எனக்குத் தெரியும் வேர்லெ—"
"உனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை.
இலை உதிரட்டும், நவம்பரில் வருவோம்."

எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, லிதுவேனிய எண்.
ஆல்கிர்தாஸாக இருக்க வேண்டிய அவசியமில்லை.
பெரிய பலகை கண்ணில் படுமுன்பே
அதன் இடப்பக்க விளக்கு சிமிட்டத் தொடங்குகிறது,
அவசரமில்லாமல்,
பழகிய ஊருக்குப் போகிறவன் போல.

அவள் அதைக் கவனித்தாளா தெரியவில்லை.
முகத்தைத் திரும்பிப் படிக்கப் போனவன்
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
"நீயும் விளக்கைப் போடு" என்கிறாள்.
போடுகிறேன்.
அவள் சொன்னது அவ்வளவுதான்.