தீர்மானம் எண் நான்கு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி.
மழை, காபிப் பழம், சேர்வராயன் திருவிழா, தேர்தல்,
ஏதாவது ஒன்று வந்துவிடும்.
இந்த முறை ஆடிட் வந்தது. கூடினோம்.

மேல்வேலங்காடு ஊராட்சிக் கட்டடம்.
பதினான்கு உறுப்பினர், பன்னிரண்டு நாற்காலி.
குறைந்த இரண்டும் குழந்தைப் பிரதிநிதிகளுடையவை என்று
யாரும் சொல்லவில்லை.
அவர்களாகவே நின்றுகொண்டார்கள்.

பையன் வரதன், எட்டாம் வகுப்பு.
டீ வாங்கிவர அனுப்பிவிட்டோம்.
பெண் செவந்தி, ஒன்பதாம் வகுப்பு.
ஜன்னலோரம், தோளிலிருந்து பையை இறக்காமல்.

நான் எழுதுகிறவள்.
அங்கன்வாடியில் பதினாறு வருஷம்.
என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால்
இந்த ஊரில் எது நடந்தாலும், எது நடக்காவிட்டாலும்
என் கையால்தான் நோட்டில் ஏறும்.

முதல் தீர்மானம் வரவேற்பு.
இரண்டாவது, 1098 என்று சுவரில் புதிதாக எழுதிய
பெயிண்ட் செலவு, அறுநூற்று நாற்பது ரூபாய்.
மூன்றாவது, பள்ளி இடைநின்ற பிள்ளைகள்: இல்லை.

"இல்லையா?" என்றாள் செவந்தி.

தலைவர் சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல.
போன ஐப்பசியில் பாம்பு கடித்த குழந்தை
அவர் ஜீப்பில்தான் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
உயிரோடு சேலம் போய்ச் சேர்ந்தது.
"சொல்லு பாப்பா, தைரியமாச் சொல்லு."
பன்னிரண்டு பெரியவர்கள் ஒரே நேரத்தில் பார்த்தோம்.
அப்படிப் பார்த்தால் தைரியம் எந்தப் பக்கமாக வரும்?

ஆனாலும் சொன்னாள்,
எங்களிடம் இல்லை, சிமெண்ட் தரையிடம்:
"கோகிலா தை மாசத்துலேருந்து வரல.
மிளகு பறிக்கப் போயிருக்குன்னாங்க.
மிளகு முடிஞ்சு ஒரு மாசமாச்சு.
அவளுக்கு இன்னும் பதினஞ்சு முடியல.
அந்த நம்பருக்குப் பேசிப் பாத்தேன்.
எங்க பக்கம் டவர் எடுக்கல.
எடுக்கறது ஒரே எடத்துலதான்,
மெம்பர் வீட்டு வாசப் பாறையில."

வார்டு மெம்பர் சடையப்பன்
செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.
கோகிலாவின் மாப்பிள்ளை அவர் தங்கை மகன்.
இங்கே யாருக்குத் தெரியாது?
பந்தியில் உட்கார்ந்தோமே.
நான் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினேன்.

"ஆதார்ல பதினெட்டுதான் இருக்கு" என்றார் ஒருவர்.
தலைமையாசிரியர் மினி பஸ்ஸுக்கு மணி பார்த்தார்.
குழந்தையின் பெயர் வெளியே வரக் கூடாது என்று
பயிற்சியில் சொன்னது
எல்லோருக்கும் சட்டென்று நினைவுக்கு வந்தது.
அந்தப் பயிற்சியில் சொன்ன வேறு எதுவும் வரவில்லை.

வரதன் டீயோடு வந்தான். பன்னிரண்டு கப்.

நான் எழுதினேன்:
தீர்மானம் எண் நான்கு.
குழந்தைப் பிரதிநிதிகளின் கருத்துகள் கேட்கப்பட்டன.
நல்ல வாக்கியம். கேட்டவர் யாரென்று
அதற்குள் தேடினாலும் கிடைக்காது.

நோட்டு சுற்றி வந்தது.
எல்லோரும் விரல் காட்டிய இடத்தில் போட்டார்கள்.
செவந்தி மேலிருந்து வாசித்தாள்.
பதினாறு வருஷத்தில் அதை வாசித்த முதல் ஆள்.
"டீச்சர், கேக்கப்பட்டனன்னு போட்டிருக்கீங்க.
என்னன்னு போடலையே."

அவள் விரலைப் பிடித்து
மணலில் அ போட வைத்தவள் நான்.

பஸ் ஹாரன் அடித்தது.
பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.
அவள் பெயருக்கு நேரே கட்டம் காலி.

இப்போது இரவு. நோட்டு என் வீட்டில்.
காலையில் பத்து மணிக்கு ஆடிட்.
நான்காம் தீர்மானத்தின் கீழே
இரண்டு விரல் அகலம் வெள்ளையாகக் கிடக்கிறது.
கோகிலா என்பது மூன்றே எழுத்து.

பனி இறங்குகிறது. செல்லில் சார்ஜ் இருக்கிறது.
பாறைக்குப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும்.
சடையப்பன் வீட்டு நாய் யாரைக் கண்டாலும் குரைக்கும்.
என்னைப் பார்த்துக் குரைக்காது.
என்னை அந்த வீட்டுக்காரியாகத்தான்
அதற்குத் தெரியும்.