ஓமோ, இல்லையோ

பாஷையூரில் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு
ஆறு வருஷமாய் ஒரே கணக்கு.
நானும் அட்மின், எமிலும் அட்மின்,
ஏழாம் ஆண்டு டினோஜனும் அட்மின்,
அவனுடைய கூட்டாளி வந்து குந்தினால்
அவனும்.

போன கிழமை நண்டுக் கணக்கு முழுக்கப் போனது.
சங்கத்தின் மூன்று மாத நிறை, விலை, ஆர் ஆருக்குக் கடன்,
ஒவ்வொரு கோப்புக்கும் வாயில் நுழையாத புதுப் பேர்.
ஒன்றும் திறக்கவில்லை.
எல்லாரும் டினோஜனைப் பார்த்தார்கள்.
கஸ்தூரியார் வீதிக் கடைப் பெடியன் மட்டும் கேட்டான்:
"அக்கா, உள்ளே விடவோ எண்டு அது கேட்டிருக்கும்.
ஓம் எண்டு ஆர் அமத்தினது?"

நான்தான்.
படிவம் ஒன்றை மாற்ற, இலவசமென்று இறக்கியது.
அடுப்பில் சட்டி, கையில் ஈரம்,
வாசிக்கவில்லை.

வாசிக்காமல் ஓம் சொல்வது
எனக்குப் பதினாறு வயதில் பழகியது.
குருநகர்ச் சென்றியில், விளங்காத பாஷையில்
கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினால்தான்
பள்ளிக்கூடம்.
'இல்லை' என்ற சொல்லைப் பையில் வைத்திருந்தால்
சோதனையில் பிடிபட்டிருக்கும்.

இன்று பூசைக்கும் போகாமல்
புதிதாய் ஒரு கணக்குத் திறந்தேன்.
அட்மின் இனி அது மட்டும்.
அதில் மின்னஞ்சல் இல்லை, விளையாட்டு இல்லை,
வேலையில்லாமல் நானும் அதற்குள் போவதில்லை.
கடவுச்சொல்லை எழுதி மடித்து
பிறப்புப் பத்திரங்களோடு அலுமாரியில் வைத்தேன்.
பிறகு எமிலை இறக்கினேன். மகனை இறக்கினேன்.
கடைசியில் என்னை.
என் பெயருக்குக் கீழே
சாதாரண பயனர்.

"வீட்டுக்காரி நீ, உனக்கே பூட்டோ?" என்றார் எமில்.
கள்ளன் வந்தால் என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான்
வீடு முழுக்க நடப்பான்.
அந்தச் சட்டைப் பையில்
திறப்புக்கோர்வை இருக்கக் கூடாது.
இதைச் சொல்லவில்லை.
மழையில் நனைந்த நிறுவைத் துண்டுகளைப் பார்த்து
கணக்கைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் மகன் கூப்பிட்டான்.
திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி.
கடவுச்சொல் கேட்கிறது.
"அம்மா, கெதியா."
ஈரக் கையைத் துடைத்துவிட்டு
ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்.
வெளியிட்டவர்: தெரியாது.

இல்லை என்று அமத்தினேன்.
ஒருத்தரும் என்னை
இறக்கி நிற்பாட்டவில்லை.

டினோஜன் கோவத்தில் சாப்பிடவில்லை.
சூடை மீனும் அடிப்பிடித்துவிட்டது.