மூன்றாவதற்கு முன்

சந்தூரில் எங்கள் நர்சரி மோட்டார் கொட்டாய்.
ஞாயிறு. மே மாதம். கரண்ட் இல்லை.
தொட்டித் தண்ணீரில் நான்கு பீர்
கழுத்து மட்டும் வெளியே தெரிய
நீச்சல் தெரியாத பையன்கள் மாதிரி நிற்கின்றன.

விஸ்கி நஞ்சப்பன் கொண்டுவருவது.
அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வாங்கினால்
மணமே வேறு என்பான்.
விலை வேறு, அது தெரியும்.
மணம், எனக்கென்னவோ
மழையில் நனைந்த பழப்பெட்டிப் பலகை.

முதலில் கத்திகள்.
பேப்பரை விரித்து அவரவர் மடக்குக்கத்தியை வைப்போம்.
திம்மராயனுடையது சிவப்புப் பிடி,
பல்குச்சி தொலைந்து ஓட்டை மட்டும் மிச்சம்.
பீர் மூடியைத் திறக்க அதற்கு மட்டுமே உரிமை.
நஞ்சப்பனுடையது ஓசூர்ச் சந்தையில் பேரம் பேசியது,
பித்தளைக் கழுத்து, கொஞ்சம் ஆடும்.
என்னுடையவை இரண்டு.
கொம்புப் பிடி போட்டது கொப்பரை சீவ.
மற்றது ஒட்டுக்கத்தி,
ஒரு பக்கம் மட்டும் தீட்டியது.
அது தின்பண்டத்தைத் தொடாது.
புளிப்பு பட்டால் மறுநாள் ஒட்டு கருகும்.
யாரும் சொல்லவில்லை, நானே நம்புகிறேன்.

வேடியப்பன் குடிப்பதில்லை, இரண்டு வருடமாக.
தருமபுரி டாக்டர் ஈரலைப் படமாகக் காட்டியதிலிருந்து.
ஆனாலும் வருகிறான்,
சோடாவும் ஒரு துண்டுக் கருங்கல்லுமாக.
பர்கூர் பட்டறையில் அறுத்தது,
பாலிஷ் போடாத பக்கத்தில் எச்சில் தொட்டு
எங்கள் கத்திகளையெல்லாம் தீட்டுவான்.
பிறகு பெங்களூரா மாங்காயை
அவன் அரிகிற அரிசலில்
கீழேயிருக்கிற வரன் விளம்பரத்தைப் படிக்கலாம்.
உப்பு, மிளகாய்த்தூள்.
பீருக்கு மாங்காய், விஸ்கிக்குக் கொப்பரை.
மாற்றித் தின்றவனைத் திம்மராயன் முறைப்பான்.

சட்டம் ஒன்றுதான்:
மூன்றாவது ஊற்றுவதற்கு முன்
கத்திகள் மடிய வேண்டும்.
எந்த இரவில் வந்த சட்டம் என்று
நாங்கள் பேசுவதில்லை.
அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
வெள்ளரிக்காய்தான் வெட்டுப்பட்டது,
தேவைக்கு அதிகமாக.

இன்றைக்கும் மூன்றாவது.
டிக்.
டிக்.
டிக், இது வேடியப்பனின் துருப்பிடித்தது.
கொம்புப் பிடி, டிக்.
பேப்பரில் ஐந்தாவதைக் காணோம்.

என் தொடையில் இருக்கிறது.
ஒரு நீலம் குச்சியைச் சீவிக்கொண்டிருக்கிறேன்,
சீவ எதுவும் மீதமில்லாத குச்சி.
போன ஆடியில் நஞ்சப்பன் லாரியில்
தார்ப்பாய் இல்லாமல் இரண்டு பகல் நின்று
முன்னூறு கன்று வாடிப்போனது.
இதுவரை அவனும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
வாரம் தவறாமல் அவன் விஸ்கியைக் குடிக்கிறேன்.

வேடியப்பன் கையை நீட்டினான்,
பேருந்தில் சில்லறைக்கு நீட்டுவதுபோல்.
நான் கொடுக்கவில்லை.
தொட்டியில் கடைசி பாட்டில்
சுவரில் இடித்துக்கொண்டது.

"முன்னூறுன்னு நெனச்சிக்கினு இருக்கே,"
என்றான் நஞ்சப்பன், டம்ளரைப் பார்த்தபடி.
"முன்னூத்திப் பன்னெண்டு.
எறக்கும்போது எண்ணினேன்."

பன்னிரண்டு.
என் கணக்கிலேயே இல்லாதவை.

மடக்கினேன். ஒட்டுக்கத்திக்கு
டிக் என்று சத்தம் வராது,
எண்ணெய் போட்டு வைத்திருப்பேன்.
அதனால் வேடியப்பன் இன்னும்
கையை நீட்டிக்கொண்டே இருந்தான்.