ஒன்பதாவது நிறுத்தம்

செல்மா கொடுத்த தாளில் நான்கு கட்டங்கள்:
எப்போது, எத்தனை முறை, நான் என்ன செய்தேன், பிறகு என்ன.

செவ்வாய் மாலை. சமையலறை அலமாரி, இடது கதவு.
நாற்பத்தொன்று.
கையை வைத்து மறித்தேன், அழுத்தாமல், சொல்லித் தந்தபடியே.
மர பஸ்ஸை நீட்டினேன்.
ரூடிஸ் என் விரல்களை ஒவ்வொன்றாய்
ஸ்டிக்கர் உரிப்பதுபோல் உரித்தெடுத்தான்.
நாற்பத்திரண்டு.

நாலு வயது.
திறக்கையில் ஒரு முனகல், மூடுகையில் ஒரு டக்.
நடுவே அவன் குதிகால் தரையை விட்டு எழும்.
பாய்பா நெற்றியை அழுத்திக்கொண்டு பால்கனிக்குப் போவாள்,
கொடியில் உறைந்த துணிகளை மடிக்க.
பலகைகள். மடங்காது.

நான் ரீகாவில் டிராம் ஓட்டுகிறவன்.
விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி
பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
டௌகவா உறைந்தாலும் உருகினாலும்
கதவைத் திற, கதவை மூடு.
எனக்கு அதற்குச் சம்பளம் உண்டு, தொப்பி உண்டு.
அவனுக்கு ஒரு தாள்.

இதைச் செல்மாவிடம் சொல்லவில்லை.
அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.
கதவிடுக்கில் நகம் கறுத்த அந்தக் கட்டைவிரலை
அவளும் பார்த்தவள்.
சூப் ஆறி ஏடு படிந்தும்
அவன் மேசைக்கு வராத இரவுகளை நானே சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.
தரையில் உட்கார்ந்து, அவன் மூடியதும்
வேலைக் குரலில் சொன்னேன்:
"அடுத்த நிறுத்தம், சந்தை."
திறந்தான். மூடினான்.
"அடுத்த நிறுத்தம், பாலம்."
திறந்தான். மூடினான்.
பள்ளிக்கூடம், மருத்துவமனை, பீங்கான் கடை,
என் தடத்தில் இல்லாத ஊரெல்லாம் சொன்னேன்.

ஒன்பதாவதில் எனக்கு இருமல் வந்தது.
கதவு பாதியில் நின்றது.
அதைப் பிடித்த கையும் நின்றது.
திரும்பி என் வாயைப் பார்த்தான்,
தாமதமான வண்டியைப் பனிக்குள்
கழுத்து நீட்டித் தேடும் பயணி மாதிரி.
கண்ணைப் பார்க்கவில்லை. வாய் போதும்.
அறிவிப்பு அங்கிருந்துதானே வரவேண்டும்.

தாளின் ஓரத்தில், பென்சிலால்,
9 என்று எழுதிச் சுழித்துவைத்தேன்.

இன்று செல்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டாள்:
"வியாழன் வெறும் ஒன்பதா?"
பாய்பா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்
கேக் வாங்கும் திட்டமே இருந்தது.
சும்மா தலையாட்டியிருக்கலாம்.

"ஐம்பதுக்கு மேல் இருக்கும். எண்ணவில்லை.
ஒன்பது, அவன் காத்திருந்த நிறுத்தம்."

செல்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஸ்கேல் கேட்டாள். அகப்படவில்லை.
ரொட்டிக் கத்தியின் முதுகை வைத்து
ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்தாள், கோணலாக.

சமையலறையில் டக்.
கீல் ஆணி ஆடுகிறது.
ராத்திரி முடுக்க வேண்டும்.