உதிரித் தோட்டா

பெட்டியாகத்தான் விற்போம், உதிரி கிடையாது.
செவ்வாய்ப்பேட்டையில் கடை திறந்த நாளாய்ப்
பலகையில் தொங்கும் விதி.
முப்பத்தொன்று தை மாதம்
ஹார்க்கர் துரை குதிரை இல்லாமல் வந்தார்,
அடிவாரத்திலிருந்து யாரோ ஒருவரின் மாட்டு வண்டியில்.
"பன்னிரண்டு போர், ரெண்டு" என்றார்.
ரெண்டு பெட்டியா என்று கேட்டுத் தொலைத்தேன்.
அவர் காது சிவந்ததைப் பார்க்காதவன் போல
அட்டையைக் கிழித்தேன்.
அன்று சாயங்காலம் அங்கப்பச் செட்டியார்
பலகையைத் திருப்பி மாட்டினார். பின்புறம் ஒன்றும் எழுதவில்லை.

பேரேடு என் கையெழுத்து.
இருபத்தெட்டு, கிறிஸ்துமஸ் முகாம், நாகலூர்ப் பக்கம்:
துரைமார் பதினொன்று, தோட்டா நாற்பது பெட்டி,
சோடா ஆறு கிரேட், மெழுகுவர்த்தி,
காடு கலைக்கிறவர்களுக்குத் தலைக்கு நாலணா, அறுபது தலை.
(தலை என்றால் இங்கே ஆட்கள்.
காட்டெருமைத் தலைக்கு வேறு பத்தி.)
அடுத்த வருஷம் துரைமார் எட்டு.
அதற்கடுத்து மூன்று, அதில் ஒருவர் பாதிரியார்.
இந்த வருஷத்துப் பக்கத்தில்
நான் கொட்டிய மை இருக்கிறது.

லண்டனில் காப்பி விலை விழுந்ததாம்.
மலைக்காரர்கள் சொன்னது வேறு:
வெடிச்சத்தம் நின்று போச்சு,
ராத்திரியில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.
பழம் பறிக்கிற கூலி பழத்தைவிட அதிகமாகி
செடியிலேயே கறுத்துத் தொங்குகிறது.
வரிசைக்கு நடுவே காட்டெருமை படுத்துக் கிடக்கிறது,
தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி.

மஞ்சக்குட்டை சடையன்,
அறுபது தலைக்கும் தலைவன்,
செவ்வாய் தவறாமல் இறங்கி வருவான்.
"துரைமாருங்க வர்றாங்களாங்க?"
செட்டியார் பேசாமல் சுவரைக் காட்டுவார்.
ஏழு துப்பாக்கி, ஏழு அடகுச் சீட்டு, காதில் தொங்கும் நூல்.
மாசி பிறந்து ஒரு நாள்
கம்பளியை அவிழ்த்து மேசை மேல் வைத்தான்.
ஹார்க்கர் துரையின் இரட்டைக் குழல்.
"மூணு மாசக் கூலிக்கு இதுதான்னு குடுத்துட்டாருங்க.
கப்பலேறப் போயிட்டாரு."

வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.
அந்த ரெண்டு தோட்டா? கடைசியாய் என்ன அடித்தார்?
"நாய்ங்க" என்றான். "ரெண்டு நாயிங்க.
சோறு போட ஆவல, கூட்டிட்டுப் போகவும் காசில்ல.
என்னையத்தான் பிடிச்சிக்கச் சொன்னாரு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
எதிர்க்கடையில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

லைசென்ஸ் இல்லாமல் நீ தொட்டதே குற்றம்,
வாங்கினால் எனக்கும் சேர்த்து என்றார் செட்டியார்.
எட்டாவதுக்கு ஆணியும் இல்லை.
மறுபடி கம்பளியில் சுற்றிக்கொண்டு
வெயில் தாழ மலையேறினான்.

அடுத்த செவ்வாய் வந்தான், குழல் முழுக்க நெளிவு.
"மூணாவது வளைவுல சிறுத்தைங்க.
பாதையில குறுக்கால உட்கார்ந்திருக்கு.
கையில துப்பாக்கி இருக்கு, தோட்டா ஏது?
எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதானுங்களே."
கல்லை எடுத்துக் குழலைத் தகரமாய்த் தட்டியிருக்கிறான்,
ஹோ ஹோ என்று, அறுபது பேர் குரலையும் ஒருத்தனே.
"எழுந்து நேரா வடக்கால போச்சுங்க.
போய், துரை பரண் கட்டற மரமிருக்கே,
அதுக்கடியில நின்னு திரும்பிப் பார்த்துச்சு.
நானும் வெடிக்கும்னுட்டுக் காதைப் பொத்திக்கிட்டேன்."

சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.
"இரும்பு விலைக்காச்சும் எடுப்பீங்களா?"

கட்டையை அவனே வைத்துக்கொண்டான், அடுப்புக்கு ஆகும்.
குழல் நாலு ராத்தல், தராசுத் தட்டில் நிற்காமல் உருண்டது.
எந்தப் பத்தியில் எழுத என்று கேட்டேன்.
செட்டியார் காசை எண்ணிக்கொண்டே சொன்னார்,
சோடாவுக்குக் கீழே எழுது.