பகுதி ஏழு

சிரேஷ்ட பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம்.
முழுப்பெயர்: அருளம்பலம் சிவகௌரி.
துறை: மனிதவள முகாமைத்துவம்.
சேவைக்காலம்: இருபத்தாறு வருடம், நான்கு மாதம்.

வெள்ளவத்தையில் நாலாம் மாடி.
கடைசி ரயில் கடலோரம் போகையில்
மேசையில் தேநீர்க் கோப்பை மெல்ல நடுங்குகிறது.
ஆறு பகுதி நிரப்பியாயிற்று.
கட்டுரைகள் நாற்பத்தொன்று, நூல்கள் மூன்று,
மூதவையில் இருந்த காலம், மேற்பார்வை செய்த ஆய்வுகள்.
இனிப் பகுதி ஏழு: சமூகத் தாக்கம்.
உச்சப் புள்ளி பத்து. சான்றுகளை இணைக்கவும்.

சான்று.

முப்பத்திரண்டு வயதில்
இரத்மலானை பிஸ்கட் கம்பனி ஒன்றுக்கு
அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.
பதினோராம் பக்கத்தில் ஓர் அட்டவணை,
அதன் கீழே ஒரு வரி:
மிகை ஆளணி எண்பத்து நான்கு.
கைகுலுக்கினார்கள். காசோலை தந்தார்கள்.
அந்தக் காசில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி
இன்னும் பழுதாகவில்லை.

பிறகு, வெகுகாலம் பிறகு,
ஒரு வியாழன் மாலை.
மையத் தொழில் அல்லாதவற்றை
வெளி ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாம் என்று
இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
கதவுக்கு வெளியே
துடைப்பத்தோடும் வாளியோடும்
என் விரிவுரை முடியக் காத்திருந்தாள் பிலோமினா.
பிள்ளைகள் போனதும் உள்ளே வந்தாள்.
வாளியைக் கீழே வைக்கவில்லை.
'மிஸ், ஈபிஎஃப் பத்தி நீங்கதானே படிச்சுக் குடுக்கிறது?
எங்கட காசு எங்க போகுது?'

தொழிலாளி எட்டு வீதம், தொழில்தருநர் பன்னிரண்டு.
வருடாவருடம் பரீட்சையில் கேட்பேன்,
பிழைவிட்டால் இரண்டு புள்ளி வெட்டுவேன்.
ஆனால் ஒரு சம்பளச் சிட்டையைக்
கையில் பிடித்துப் பார்த்தது
அன்றுதான்.
மடித்து மடித்து நாலு மூலையும் கிழிந்த தாள்.
எட்டு வீதம் வெட்டியிருந்தது.
கணக்கில் பத்தொன்பது மாதமாக ஒரு சதம் இல்லை.
அவளைப் போலப் பதினாலு பேர்.

நாரஹேன்பிட்டி, தொழில் செயலகம்.
செவ்வாய்க்கிழமைகள்.
மின்விசிறிக்கு நேர் கீழேயுள்ள வாங்கில் இடம் கிடைத்தால்
அன்றைக்கு நல்ல நாள்.
சிங்களக் கடிதங்களை நான் வாசித்துச் சொல்ல,
பௌசியா பெயர்களைச் சரிபார்ப்பாள்.
ஒப்பந்தக்காரரின் வக்கீல் மூன்று தவணை வரவில்லை.
நாலாம் தவணைக்கு வந்து,
கம்பனிக்கு இப்போது வேறு பெயர் என்றார்.
என்னிடம் படித்தவர். எழுந்து நின்று வணங்கினார்.

காசு வந்தது.
பிலோமினாவுக்கு அறுபத்தோராயிரத்து முந்நூற்று இருபது.
காசு வந்த மாதமே
பீடம் ஒப்பந்தத்தைப் புதியவருக்குக் கொடுத்தது.
புதியவர் ஒன்பது பேரை எடுத்தார்.
ஐந்து பேர் குழப்பக்காரிகளாம்.
குழப்பக்காரிகளின் பட்டியலில் முதல் பெயர்
யாருடையது என்று
இந்தப் படிவத்தில் கேட்கவில்லை.

பத்துக்கு எத்தனை?
பெற்றுக் கொடுத்ததைக் கூட்டிப்
போனதைக் கழிக்க வேண்டுமா?
கழித்தல் குறிக்குப் பெட்டியில் இடமில்லை.

பயனாளியின் கடிதமும் சான்றாகுமாம்.
கூச்சத்தோடு தொலைபேசி எடுத்தேன்.
நூற்றைம்பத்தைந்தாம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள்,
முகத்துவாரம் போகும் கூட்டத்துக்கு நடுவே.
இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
'அங்கயும் முதல் மாசமே சிட்டைய வாங்கிப் பாத்திட்டன் மிஸ்.'
கடிதம் வேண்டும் என்றேன்.
கொஞ்ச நேரம் கொண்டக்டரின் குரல்தான் கேட்டது.
'எழுதித் தாங்க மிஸ், சைன் வைக்கிறன்.
ஆனா வாசிச்சுப் பாத்திட்டுத்தான் வைப்பன்.'

எழுதத் தொடங்கியிருக்கிறேன்.
மூன்று வரி இலகுவாக வந்தது.
நாலாவதில்
ஐந்து பேர் என்று எழுதி
நிற்கிறேன்.
சமையலறையில்
பெட்டி முனகத் தொடங்குகிறது,
அணைகிறது,
மறுபடி தொடங்குகிறது.