இதர

அஸ்தம்பட்டியில் டயர் கடைக்கு மேல்மாடி.
மழை பெய்தால் ரப்பர் வாசனை படியேறி வரும்.
நான் கணக்கெழுதுகிறவள். போராட்டத்துக்குப் போனதில்லை.
போனவர்களின் பஸ் டிக்கெட்டுகளை
தேதி வாரியாக ஒட்டி வைத்திருக்கிறேன்.

மலையில் நடப்பதைப் பதிய ஒரு செயலி.
முப்பது போன், முப்பது உறை,
உறை ஒவ்வொன்றிலும் கொடுத்தவர்களின் சின்னம்:
நீல வட்டத்துக்குள் விரிந்த கை.
கொடுக்கிற கையா, கேட்கிற கையா
என்றான் ஒருநாள் ஜான் பிரிட்டோ, செயலி எழுதியவன்.
கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

'யார் செய்தது?' என்பதைத் தொட்டால்
ஒரு பட்டியல் விழும்:
வனத்துறை. காவல்துறை. வட்டிக்காரர். எஸ்டேட்.
சுரங்கம்.
இதர.

மூன்றாம் வருடம், நிதி புதுப்பிக்கிற சமயம்,
அவர்கள் நாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார்.
நல்லவர். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் இறங்கினார்.
இறங்கி வந்து தட்டுவடை செட் இரண்டு சாப்பிட்டார்.
கண்ணில் நீர் நின்றது,
காரமா, மேலே கேட்ட கதையா, தெரியாது.
அந்த மாதம்தான் அவர்கள் அரசும் நம் அரசும்
கனிமத்துக்கென்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தன.
பேப்பரில் ஏழாம் பக்கம், தங்கம் விலைக்குக் கீழே.
அதை அவர் பேசவில்லை.
நாங்களும்தான்.
ஊர் போய்ச் சேர்ந்து ஒரு மின்னஞ்சல்:
'கவனத்தை இன்னும் கொஞ்சம் குவிக்க முடியுமா?'

அவ்வளவுதான். அழி என்று யாரும் சொல்லவில்லை.
பிரிட்டோ இரண்டு நாள் லீவு போட்டான்.
மூன்றாம் நாள் புதிய பதிப்பு வந்தது.
எழுத்துரு முன்பைவிட அழகு.
பட்டியலில் ஒரு வரி குறைவு.

தனிப்பிரிவு ஏட்டு மாதம் தவறாமல் வருவார்.
'எந்த நாட்டுப் பணம்மா?'
பாஸ்புக் நகலை நீட்டுவேன். நாட்டின் பெயரை
எழுத்துக்கூட்டி எழுதிக்கொள்வார்.
எந்தக் கிணறு என்று
அவரும் கேட்டதில்லை.

காலாண்டுக் கையெழுத்துக்காக மலையேறினேன்.
வெள்ளச்சி போனை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.
'லாரி மண்ணு கெணத்துல எறங்கிருச்சு.
தண்ணி செங்காமட்டியாட்டம் வருது.
இதுல ஏத்தலாம்னா அவனுங்க பேரக் காணோம்.'
'இதரன்னு இருக்குல்ல, அதுல போடுங்க.'
'இதரன்னா யாரு? எந்த ஊருக்காரன்?'

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் ஆடிட்டர் தரணிதரன் கறார்ப் பேர்வழி.
இதரச் செலவு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது,
தாண்டினால் காரணம் எழுத வேண்டும், வவுச்சரோடு.
ஜெராக்ஸ், குண்டூசி, சரஸ்வதி பூஜைக்குப் பொரிகடலை என்று
இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்கு
அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

இந்தக் காலாண்டில் வந்த புகார் எழுபது.
அதில் இதர நாற்பத்தொன்று.
காரணம் கேட்டு ஒரு கடிதம் வரவில்லை.
அறிக்கையின் வட்டத்தில் வனத்துறை பச்சை, போலீஸ் சிவப்பு,
பாதிக்கு மேல் சாம்பல்.
அச்சுக்குச் செலவு குறைவு, சாம்பல்.

இதையெல்லாம் வெள்ளச்சியிடம் சொல்லியிருக்கலாம்.
உனக்கு யாரு சம்பளம் தர்றாங்க என்று
கேட்டிருப்பாளோ என்னவோ.
கேட்காமல் நாலு கமலா ஆரஞ்சைப் பையில் போட்டாள்.
ரசீது இல்லாத பழங்கள்.

கடைசி பஸ். சரிசெய்ய அவள் போனும் என்னிடம்.
மேலே சிக்னல் கிடையாது,
சொன்னதெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
கீழே சேலம் விளக்கு விளக்காகத் தெரிந்தது.
மடியில் இரண்டு போனும் ஒன்றாய் அதிர்ந்தன.
அவளுடையது, அனுப்பியாயிற்று என்றது, பச்சை டிக்கோடு.
என்னுடையது, கணக்கில் வரவு:
பதினெட்டாயிரத்து நானூறு.

ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.